சத்தத்தைக் குறைத்து என்.பி.ஏ. பார்ப்பது எப்படி

கொழும்பில் அமெரிக்கக் கூடைப்பந்து லீக்கான என்.பி.ஏ. பின்தொடர்கிற தமிழ்ப் பொடியன்கள் இப்போது நிறையப் பேர். முழு ஆட்டம் பார்க்கிறவர்கள்தான் குறைவு. காலையில் பஸ்ஸில் ரீல்ஸ், மத்தியானம் ஏதாவது விவாத நிகழ்ச்சியின் துண்டு, பின்னேரம் கோர்ட்டுக்கு வந்து அந்தத் துண்டில் கேட்டதை அப்படியே ஒப்புவிப்பது. என் மருமகனும் இதே ஆள்தான். வெள்ளவத்தையில் எங்கள் வீட்டில் இராச்சாப்பாட்டுக்கு வந்தவன், டென்வர் அணியின் நட்சத்திர வீரரைப் பற்றி, "மாமா, ஜோக்கிச்சுக்கு டிஃபென்ஸே வராதாம்" என்றான்.

"ஆரு சொன்ன?"

"எல்லாரும்தான் சொல்றாங்க."

"நீ என்ன மனே கண்ட?"

பருப்பைப் பிசைந்துகொண்டிருந்தானே தவிர, பதில் வரவில்லை. அவனுக்குச் சொல்லத் தொடங்கியதைத்தான் கொஞ்சம் நீட்டி இங்கே எழுதுகிறேன். வர்ணனையாளர்கள் திருந்தும்வரை காத்திருக்க நமக்கு நேரமில்லை. அவர்கள் எப்படிப் பேசினாலும் ஆட்டத்தை ஒழுங்காகப் பார்க்க வழி இருக்கிறது.

அதற்கு முன் ஒன்று. இந்த வர்ணனையாளர்கள் மடையர்கள் என்று நினைத்து விடாதீர்கள். முன்னாள் வீரர், முன்னாள் பயிற்றுநர் என்று அங்கே உட்கார்ந்திருப்பவர்களுக்கு நம்மைவிடப் பல மடங்கு தெரியும். தெரிந்ததைச் சொல்ல இடமில்லாததுதான் பிரச்சினை. ஒரு ஆட்டத்தின் காணொளியை வெட்டி, நிறுத்தி, அம்புக்குறி போட்டு விளக்க ஆள் வேண்டும், நேரம் வேண்டும். இரண்டு பேரை மேசைக்கு எதிரெதிரே இருத்தி "லெப்ரோனா, ஜோர்டனா?" என்று கேட்டுவிட்டால் மட்டும் ஒரு மணித்தியாலம் ஓடிவிடும். வெட்டிப் போட ஐந்தாறு துண்டும் கிடைக்கும்.

இன்னொரு காரணம், ஆட்களை மாற்றிக்கொண்டே இருப்பது. மைக் பிரீன், ஜெஃப் வான் கண்டி, மார்க் ஜாக்சன் மூவரும் ஈ.எஸ்.பி.என். குழுமத்துக்காகப் பல ஆண்டு இறுதிப் போட்டிகளை வர்ணித்தவர்கள். 2023 கோடையில் வான் கண்டியையும் ஜாக்சனையும் நிறுத்தினார்கள். அந்த இடத்துக்கு டொக் ரிவர்ஸ், டோரிஸ் பர்க் இருவரும் வந்தார்கள். பருவம் பாதி போகுமுன் ரிவர்ஸ் மில்வோக்கி அணிக்குப் பயிற்றுநராகப் போய்விட்டார். ஜே.ஜே. ரெடிக் வந்தார், 2024 இறுதிப் போட்டி முடிந்த கையோடு அவரும் லேக்கர்ஸ் பயிற்றுநர். பிறகு ரிச்சர்ட் ஜெஃபர்சன், அதற்கடுத்த பருவத்தில் பர்க்குக்குப் பதிலாக டிம் லெக்லர். மூன்று பேர் ஒருவர் மூச்சை ஒருவர் விளங்கிக்கொண்டு பேசப் பல பருவம் வேண்டும். இங்கே அறிமுகம் முடிவதற்குள் பிரியாவிடை.

2025-26 பருவத்திலிருந்து ஒளிபரப்பு டிஸ்னி, என்.பி.சி., அமேசான் மூன்றின் கையில். 11 ஆண்டு, ஏறக்குறைய 76 பில்லியன் டொலர். டி.என்.டி. தொலைக்காட்சியின் ஆட்டங்கள் 2025 உடன் முடிந்தன. பார்க்லி, ஷக், கென்னி ஸ்மித், ஏர்னி ஜோன்சன் நால்வரின் நிகழ்ச்சி மட்டும் ஈ.எஸ்.பி.என். திரைக்கு இடம் மாறித் தப்பியது. அதைப் பார்த்து நானும் சிரித்திருக்கிறேன். கூடைப்பந்து கற்றுக்கொள்ள அதைப் பார்க்கவில்லை, அவ்வளவுதான்.

ஜோக்கிச்சின் கதையிலேயே பாருங்கள். 2014 இல் அணிகள் புதிய வீரர்களைத் தெரிவு செய்யும் நிகழ்வில் டென்வர் அவரை 41 ஆவது ஆளாக எடுத்தபோது அமெரிக்கத் தொலைக்காட்சியில் டாக்கோ பெல் விளம்பரம் ஓடிக்கொண்டிருந்தது. பெயர் திரையின் அடியில் ஒரு வரியாகப் போனது. அந்த மனிதன் 2021, 2022, 2024 மூன்று ஆண்டும் மிகப் பெறுமதியான வீரர் விருது வாங்கி, 2023 இல் கிண்ணமும் வென்றான். கமரா எந்தப் பக்கம் பார்க்கிறதோ அங்கேதான் ஆட்டம் நடக்கிறது என்று நினைக்கக் கூடாது.

எந்த நேரத்தில், எதில் பார்ப்பது

அமெரிக்கக் கிழக்கு நேரத்தைவிடக் கொழும்பு குளிர்காலத்தில் பத்தரை மணித்தியாலம் முந்தியது, கோடையில் ஒன்பதரை. அங்கே இரவு 7.30 க்குத் தொடங்கும் ஆட்டம் ஜனவரியில் நமக்குக் காலை 6 மணி. லொஸ் ஏஞ்சலிஸில் இரவு 7.30 என்றால் இங்கே காலை 9. வேலைக்குப் போகிறவர்கள் வார நாட்களை விட்டுவிடுங்கள். அவர்களுடைய வெள்ளி இரவும் சனி இரவும் நமக்குச் சனி, ஞாயிறு காலை. அது போதும். நத்தார் தினத்தில் முதல் ஆட்டம் அங்கே நண்பகலில் தொடங்கினால் நமக்கு இரவு 10.30. கேக்கும் வைனும் முடிந்து சனம் சாய்ந்த நேரத்தில் தனியாக உட்கார்ந்து பார்க்கலாம்.

என்.பி.ஏ. யின் கட்டண ஒளிபரப்புச் சேவையான லீக் பாஸ் வைத்திருப்பவர்கள் முதலில் செட்டிங்கில் போய் ஸ்கோரை மறைத்துவிடுங்கள். பின்னேரம் வீட்டுக்கு வந்து பார்த்தாலும் முடிவு தெரியாமல் பார்க்கலாம். அன்றைக்குப் பகல் முழுக்க வட்ஸ்அப் குழுவைத் திறக்காமல் இருப்பது உங்கள் பாடு.

காசு கட்ட முடியாதவர்களுக்கு ஒரு நல்ல வழி உண்டு, பலர் கவனிப்பதில்லை. என்.பி.ஏ. அதிகாரபூர்வ இணையத்தளத்தின் புள்ளிவிவரப் பக்கங்களில் ஒரு வீரரின் எண்ணைத் தட்டினால், அந்த எண்ணுக்குரிய காணொளித் துண்டுகள் வரிசையாக ஓடும். தவறிய எறிகள், பறிகொடுத்த பந்துகள், எல்லாம். யூடியூபில் வருகிற பத்து நிமிடத் தொகுப்பில் பந்து கூடைக்குள் விழுகிற காட்சிகள்தான் இருக்கும். அதை மட்டுமே பார்த்து வளர்ந்தவனுக்கு யாரும் எப்போதுமே தவறவிடுவதில்லை என்ற எண்ணம் வந்துவிடும். பிறகு கோர்ட்டில் முப்பதடியிலிருந்து எறிவான்.

முதல் கால் பகுதி: சத்தம் வேண்டாம்

முதல் பன்னிரண்டு நிமிடத்துக்கு ஒலியை முழுதாக நிறுத்துங்கள். ஏன் முதல் கால் பகுதி என்றால், இரண்டு பயிற்றுநர்களும் முதல் நாள் தயாரித்த திட்டம் அப்போதுதான் கலங்காமல் தெரியும். களைப்பு இல்லை, தவறு எண்ணிக்கைச் சிக்கல் இல்லை, முதல் ஐந்து பேரும் உள்ளே.

பார்க்கவேண்டிய முதல் விஷயம் பிக் அண்ட் ரோல். என்.பி.ஏ. யில் தாக்குதலுக்கு அடித்தளம் அதுதான். பந்து வைத்திருப்பவனுக்காக உயரமான ஆள் ஒருவன் வந்து ஸ்கிரீன் போடுவான், அதாவது காவலரின் வழியை மறித்து நிற்பான். அந்த நொடியில் பந்தையும் அதை வைத்திருப்பவனையும் விட்டுவிட்டு, ஸ்கிரீன் போட்டவனைக் காவல் காக்கிற ஆளைப் பாருங்கள். அவன் என்ன செய்கிறான் என்பதில் அந்த அணியின் முழுத் திட்டமும் இருக்கிறது.

அவன் பின்வாங்கிக் கூடைக்குக் கிட்டப் போய் நின்றால் அது ட்ரொப். "இடைத்தூரத்தில் இருந்து எறி, பரவாயில்லை, உள்ளே வராதே" என்று சொல்கிறார்கள். இரண்டு காவலர்களும் ஆளை மாற்றிக்கொண்டால் சுவிட்ச். அடுத்த பாஸ் அநேகமாக, சின்ன ஆளின் முன் நிற்கிற பெரிய ஆளுக்குப் போகும், அல்லது பெரிய ஆளைத் தனியாக இழுத்து வைத்து வேகமான கார்ட் (பந்தை நடத்துகிற சின்ன ஆள்) ஆட்டுவான். இருவரும் பந்தின்மேல் பாய்ந்தால் பிளிட்ஸ். அப்போது பின்னால் நான்கு பேருக்கு மூன்று பேர். பாஸ் எவ்வளவு சீக்கிரம் வெளியே வருகிறது என்று எண்ணுங்கள்.

இனி மருமகனின் கேள்விக்கு வருவோம். டென்வர் அணி ஜோக்கிச்சைப் பல வேளைகளில் ஸ்கிரீன் மட்டத்துக்கே மேலே கொண்டுவரும். கூடைக்கு அடியில் பாய்ந்து தட்டுகிற உடம்பு அவருக்கு இல்லை, ஆனால் கை நல்ல கை. பாஸ் போகிற பாதையில் கையை நீட்டிப் பந்தைத் தட்டிவிடுவார். அவர் மேலே வந்துவிட்டால் கூடைக்கு அடியில் யார்? எதிர்ப்பக்க மூலையில் நிற்கிற சக வீரர் உள்ளே வரவேண்டும். அவர் அரை நொடி பிந்தினால் லேசான லே-அப். அவர் வந்துவிட்டு மூலைக்குத் திரும்பப் பிந்தினால் மூன்று புள்ளி. ரீல்ஸில் வருகிற துண்டில் கூடைக்கு அடியில் யாரும் இல்லை, ஜோக்கிச் தூரத்தில் நின்று பார்க்கிறார். கீழே "டிஃபென்ஸ் சைபர்" என்று எழுதியிருக்கும். பிழை அவருடையதாகவும் இருக்கலாம், மூலைக்காரனுடையதாகவும் இருக்கலாம். ஆறு நொடித் துண்டை வைத்துத் தீர்ப்பு சொல்ல முடியாது. முழு உடைமையையும், அதாவது பந்து நடுக்கோட்டைத் தாண்டியதிலிருந்து, பார்த்தால் சொல்லலாம்.

மூலையைப் பற்றி இன்னும் கொஞ்சம். மூன்று புள்ளிக் கோடு வளைவில் 7.24 மீற்றர், மூலையில் 6.7 மீற்றர்தான். அரை மீற்றருக்கு மேல் கிட்ட. அதனால்தான் எல்லா அணியும் அங்கே ஒருவரைச் சும்மா நிறுத்திவைக்கிறது. பந்து வராவிட்டாலும் அவன் ஒரு காவலரை அங்கேயே கட்டிப்போடுகிறான். அந்தக் காவலரின் பாதத்தைப் பாருங்கள். 2001-02 பருவத்திலிருந்து, யாரையும் காவல் காக்காமல் கூடை முன்கட்டத்துக்குள் மூன்று நொடிக்கு மேல் நிற்கக் கூடாது. ஆகவே அவர் உள்ளே ஒரு கால், வெளியே ஒரு கால், திரும்ப உள்ளே. இந்தக் கால் நடை ஒருமுறை கண்ணில் பட்டுவிட்டால் பிறகு பந்தைப் பார்க்கவே மனம் வராது.

போன் திரையில் பார்க்கிறவர்களுக்கு ஒரு பயிற்சி: பந்து இருக்கிற பக்கத்தை உள்ளங்கையால் மறைத்துவிட்டு மற்றப் பக்கத்தை மட்டும் பாருங்கள். ஐந்து உடைமைக்குச் செய்தால் போதும். பக்கத்தில் இருப்பவர்கள் உங்களை ஒரு மாதிரிப் பார்ப்பார்கள். என் மனைவி பார்த்தாள்.

2025 இறுதிப் போட்டியின் மூன்றாவது ஆட்டத்தை இதற்காகவே திரும்பப் போட்டுப் பார்க்கலாம். நமக்கு ஜூன் 12 காலை. இந்தியானா பேசர்ஸ் அணியின் டி.ஜே. மெக்கொனல் பெஞ்சிலிருந்து வந்தவர், அளவில் சின்ன ஆள். தன் அணி கூடை போட்டதும் மற்றவர்களைப்போலத் தானும் பின்னோக்கி ஓடுகிற மாதிரிப் பாவனை செய்வார். ஒக்லஹோமா தண்டர் அணி வீரர் எல்லைக்கோட்டுக்கு வெளியே நின்று அசட்டையாகப் பந்தை உள்ளே போடுகிற நேரம் பார்த்துத் திரும்பிப் பாய்ந்து பறித்துவிடுவார். அன்று 10 புள்ளி, 5 அசிஸ்ட், 5 பறிப்பு. பேசர்ஸ் 116-107 என்று வென்றது. பந்தையே பார்த்துக்கொண்டிருந்தவனுக்கு அது திடீரென்று நடந்த திருட்டு. ஆளைப் பார்த்தவனுக்கு இரண்டு நொடி முன்னமே தெரிந்தது.

அந்தத் தொடர் தொடங்குமுன் அமெரிக்க ஊடகங்களில் என்ன பேசினார்கள் தெரியுமா? இந்தியானாபொலிஸும் ஒக்லஹோமாவும் சின்னச் சந்தை, பார்வையாளர் எண்ணிக்கை விழுந்துவிடும் என்று. கல்யாண வீட்டில் பந்தியில் இருந்துகொண்டு வெளியே எத்தனை கார் நிற்கிறது என்று எண்ணுகிற ஆட்கள். முதல் ஆட்டத்தில் பேசர்ஸின் ஹாலிபர்ட்டன் 0.3 நொடி மிச்சமிருக்க எறிந்து 111-110 என்று முடித்தார், அந்த 0.3 நொடிதான் பேசர்ஸ் முன்னிலையில் இருந்த முழு நேரமும். தொடர் ஏழாவது ஆட்டம்வரை போனது. அந்த ஆட்டத்தின் முதல் கால் பகுதியிலேயே அதே ஹாலிபர்ட்டனின் குதிகால் தசைநார் அறுந்தது. தண்டர் 103-91 என்று கிண்ணத்தை எடுத்தது. சந்தைக் கணக்குப் போட்டவர்கள் இதில் எதைச் சொல்லிக்கொடுத்தார்கள்?

இரண்டாம் கால் பகுதி: சத்தத்தைத் திரும்பப் போடுங்கள்

இப்போது வர்ணனையைக் கேட்கலாம், ஆனால் சல்லடையோடு. வர்ணனையாளர் சொல்கிற ஒவ்வொரு வசனத்துக்கும் ஒரே ஒரு கேள்வி: இந்த ஆட்டத்தைப் பார்க்காமலே இதைச் சொல்லியிருக்க முடியுமா? "அவர்களுக்கு வெல்லவேண்டும் என்ற வெறி இல்லை." முடியும். "இது அவருடைய வரலாற்றுப் பெயருக்கே சோதனை." முடியும். "பெரிய வீரர்கள் பெரிய தருணத்தில் எழுந்து நிற்பார்கள்." நான் தூக்கத்திலும் சொல்வேன். இப்படியானவற்றைக் காதில் வாங்கவேண்டாம். "ஸ்கிரீனுக்கு மேலால் வராமல் கீழால் போகிறார்கள், அவர் வெளியிலிருந்து எறியட்டும் என்று விட்டிருக்கிறார்கள்" என்று ஒருவர் சொன்னால் நிமிர்ந்து உட்காருங்கள். அந்தக் குரலின் பெயரைக் குறித்துக்கொள்ளுங்கள்.

எனக்கு அப்படியான குரல் முன்னாள் பயிற்றுநர் ஹூபி பிரவுன். 2025 பெப்ரவரியில், 91 வயதில், கடைசி ஆட்டத்தை வர்ணித்துவிட்டு விடைபெற்றார். பழைய ஆட்டங்கள் இணையத்தில் இருக்கின்றன, தேடிக் கேளுங்கள். பந்து வைத்திருக்கிறவனே நீங்கள்தான் என்கிற மாதிரி உங்களை நிறுத்திவைத்துப் பேசுவார்: இப்போது உங்களுக்கு இரண்டு வழி இருக்கிறது, வலப்பக்கம் போனால் இது, பாஸ் கொடுத்தால் அது. வீரரின் சம்பளம், வீரரின் காதலி, வீரரின் ட்வீட், ஒன்றும் வராது.

லீக் பாஸில் பெரும்பாலும் இரண்டு அணிகளின் ஒளிபரப்பிலிருந்தும் ஒன்றைத் தெரிவு செய்யலாம். உள்ளூர் வர்ணனையாளர்கள் பக்கச்சார்பானவர்கள், உண்மைதான். ஆனால் எண்பது ஆட்டமும் அதே அணியைப் பார்க்கிறவர்கள். பெஞ்சின் ஒன்பதாவது ஆள் இடக்கையால் முடிக்கமாட்டான் என்பது அவர்களுக்குத் தெரியும். தேசிய ஒளிபரப்புக்காரருக்கு அந்த ஆளின் பெயரைச் சரியாகச் சொல்வதே பெரிய காரியம். முதல் பாதி ஒரு அணியின் குரல், இரண்டாம் பாதி மற்ற அணியின் குரல் என்று நான் மாற்றிக் கேட்பேன். ஒரே தவறுக்கு இரண்டு தரப்பும் சொல்கிற நியாயத்தைக் கேட்பது தனிச் சுகம்.

மத்தியஸ்தர்களைப் பற்றிய கத்தலுக்கும் மருந்து இருக்கிறது. 2015 இலிருந்து என்.பி.ஏ. கடைசி இரண்டு நிமிட அறிக்கை என்று ஒன்று வெளியிடுகிறது. கடைசி இரண்டு நிமிடத்தில் வித்தியாசம் மூன்று புள்ளிக்குள் வந்த ஆட்டங்களுக்கு, ஊதியதும் ஊதாமல் விட்டதும் சரியா பிழையா என்று ஒவ்வொன்றாக இருக்கும். மறுநாள் அதைத் திறந்து பார்த்துவிட்டுச் சண்டை பிடியுங்கள்.

எண்களை வாசிக்கிற விதம்

ஆட்டம் முடிந்ததும் திரையில் பெரிய எழுத்தில் வருவது "30 புள்ளி". மறுநாள் எல்லாப் பக்கத்திலும் அதே 30. எத்தனை எறியில் என்று யாரும் சொல்வதில்லை. போனில் இருக்கிற கல்குலேட்டர் போதும்: புள்ளியை, (எறிகள் + 0.44 × ஃப்ரீ த்ரோ எறிகள்) என்பதன் இரட்டிப்பால் பிரியுங்கள். இதுதான் உண்மை எறிவீதம் என்று சொல்லத்தக்க கணக்கு. ஒருவர் 28 எறி, 4 ஃப்ரீ த்ரோ எறிந்து 30 புள்ளி எடுத்தால் ஏறக்குறைய 50 சதவீதம். இன்னொருவர் 14 எறி, 6 ஃப்ரீ த்ரோவில் 24 புள்ளி எடுத்தால் 72 சதவீதம். லீக்கின் சராசரி இப்போது 57, 58 அளவில். அப்படியென்றால் முதலாமவர் அணியின் உடைமைகளைத் தின்றிருக்கிறார், இரண்டாமவர் வென்று கொடுத்திருக்கிறார். தலைப்பு யாருக்குப் போயிருக்கும் என்று நான் சொல்லவேண்டியதில்லை.

அணியைப் பார்க்கும்போது புள்ளிவிவர ஆய்வாளர் டீன் ஒலிவர் சொன்ன நான்கையும் பாருங்கள்: எறிதிறன், பந்தைப் பறிகொடுத்தது, தாக்குதல் ரிபவுண்ட் (தன் அணி தவறவிட்ட எறியைத் திரும்பப் பிடிப்பது), ஃப்ரீ த்ரோ. முக்கியத்துவமும் இந்த வரிசையிலேயே. தோற்ற அணி இந்த நான்கில் எதில் தோற்றது என்று கண்டுபிடித்தால், "மனவுறுதி போதாது" என்று சொல்கிற தேவை அநேகமாக வராது.

பிளஸ் மைனஸ் (ஒருவன் உள்ளே நின்ற நேரத்தில் அணி எத்தனை புள்ளி முந்தியது அல்லது பிந்தியது) என்ற எண்ணை ஒரு ஆட்டத்துக்கு வைத்து எதையும் சொல்லாதீர்கள். நல்லவர்களோடு உள்ளே நின்றவனுக்கும் நல்ல எண் வரும். ஒரு பருவம் முழுக்கச் சேர்ந்தால் கொஞ்சம் பேசலாம்.

"முன்பெல்லாம் இப்படி இல்லை, இப்ப எல்லாம் மூன்று புள்ளிதான்" என்ற புலம்பல் இருக்கிறதே, அது முழுப் பொய்யல்ல. மூன்று புள்ளிக்கோடு வந்த 1979-80 பருவத்தில் ஒரு அணி ஆட்டத்துக்கு மூன்றுகூட எறியவில்லை. 2024-25 இல் 37 க்கு மேல். ஆனால் ஏன் என்று சொல்லாமல் புலம்புகிற வர்ணனையாளரிடம் எனக்குப் பொறுமை இல்லை. மூன்றில் ஒன்றைப் போட்டாலே இரண்டு புள்ளி எறியில் பாதியைப் போட்டதற்குச் சமம். இதை விளக்க இரண்டு வசனம் போதும். பிடிக்கவில்லை என்றால் அதற்குப் பிறகு பிடிக்கவில்லை என்று சொல்லட்டும்.

செய்தி என்று வருவது

2025 பெப்ரவரி 2, ஞாயிறு முற்பகல். லூக்கா டொன்சிச்சை டலஸ் அணி லேக்கர்ஸுக்குக் கொடுத்துவிட்டது, பதிலுக்கு அந்தனி டேவிஸ் என்று ஈ.எஸ்.பி.என். செய்தியாளர் ஷம்ஸ் சரானியா எழுதினார். அவருடைய கணக்கை யாரோ களவாடிவிட்டார்கள் என்றே பாதி உலகம் நம்பியது. நம் குழுவிலும் "ஃபேக், ஃபேக்" என்று வந்து விழுந்தது. உண்மையாகவே நடந்திருந்தது.

இந்த வகைச் செய்திக்கு முதல் நிமிடத்தில் மட்டும்தான் விலை. இன்னொரு செய்தியாளர் ஏட்ரியன் வொஜ்னரொவ்ஸ்கியும் சரானியாவும் ஆண்டுக்கணக்காக ஓடிய ஓட்டம் அதற்காகத்தான்; யார் சில நொடி முந்தியது என்பதில்தான் பந்தயம். 2024 செப்டம்பரில் வொஜ்னரொவ்ஸ்கி களைத்துப்போய் எல்லாவற்றையும் விட்டுவிட்டுத் தான் படித்த சென். பொனவென்ச்சர் பல்கலைக்கழக அணியின் பொது முகாமையாளராகப் போனார். வாசகனுக்கு அந்தச் சில நொடியால் என்ன இலாபம்? காலி வீதியில் நூறாம் இலக்க பஸ்ஸில் தொங்கிக்கொண்டு போகிறவன் பத்து நிமிடம் பிந்தி அறிந்தால் ஒன்றும் குறையாது.

ஆகவே ஒரு வீரர் அணி மாறுகிற செய்தி வந்தால் பகிர்வதற்கு முன் கணக்கின் பெயரை எழுத்துக்கூட்டி வாசியுங்கள். பிரபல பக்கத்தின் பெயரில் ஓரிரு எழுத்தை மாற்றி "சென்டெல்" என்று நடத்துகிற பகிடிக் கணக்கு ஒன்று உண்டு, என்.பி.ஏ. வீரர்களே அதில் ஏமாந்திருக்கிறார்கள். அடுத்தது, "ஆர்வம் காட்டுகிறது", "கண்காணிக்கிறது" என்று வருகிற வசனங்கள். யாரோ ஒரு முகவர் தன் வீரரின் விலையை ஏற்ற அனுப்பியதாகவும் இருக்கலாம். இதனால் யாருக்கு நன்மை என்று ஒருமுறை கேட்டுவிட்டுத் தாண்டிப் போங்கள்.

நல்லவர்கள் இல்லாமலில்லை. கூடைப்பந்து எழுத்தாளர் சாக் லோவை 2024 இல் ஈ.எஸ்.பி.என். நிறுத்தியது, இப்போது த ரிங்கர் இணையத்தளத்தில் பேசுகிறார், ஆட்டத்தைப் பார்த்துவிட்டுப் பேசுகிற மனிதர். யூடியூபில் பென் டெய்லரின் திங்கிங் பாஸ்கட்போல். லெப்ரோன், ரெடிக் இருவரும் 2024 இல் தொடங்கிய ஒலித்தொடரில், பின்னர் ஸ்டீவ் நாஷ் வந்த பிறகும், ஒரு ஸ்கிரீன் எந்தக் கோணத்தில் போடவேண்டும் என்று கால்மணித்தியாலம் பேசுவார்கள். கிளீனிங் த கிளாஸ் இணையத்தளத்தில் எண்கள் நன்றாக இருக்கும். இவ்வளவையும் பின்தொடர்ந்துவிட்டு மற்றவற்றை மியூட் செய்தால் உங்கள் டேட்டாவும் மிஞ்சும்.

நீங்களே மைக் பிடித்தால்

இதைச் சொல்லாமல் முடிக்க மனமில்லை. நான் மட்டக்களப்பான். எங்கள் ஊருக்குக் கூடைப்பந்தைத் தொலைக்காட்சி கொண்டுவரவில்லை. அமெரிக்க இயேசு சபைத் துறவிகள் கொண்டுவந்தார்கள். லூசியானாவிலிருந்து வந்து புனித மிக்கேல் கல்லூரியில் பயிற்றுவித்த யூஜின் ஹேபேர்ட் அடிகளார் 1990 ஓகஸ்ட் 15 அன்று வாழைச்சேனையிலிருந்து வரும் வழியில் காணாமல் போனார். அவரிடம் படித்தவர்களிடம் பழகியவர்கள் நாங்கள். அந்த அண்ணன்மார் ஆட்டம் முடிந்ததும் யார் எத்தனை போட்டான் என்று கேட்கமாட்டார்கள். "அந்தக் கடைசிப் பந்துக்கு நீ ஆரை விட்டுட்டு வந்த?" என்றுதான் கேட்பார்கள். பதில் சொல்லத் தெரியாவிட்டால் மறுநாள் வெயிலில் ஓட்டம்.

கொழும்பில் இப்போது பாடசாலைப் போட்டிகளிலும் பழைய மாணவர் போட்டிகளிலும் போனில் நேரலை போகிறது. யாராவது தமிழில் பேசவேண்டும். பேசப்போகிறவர்கள் அமெரிக்க வர்ணனையாளரின் கத்தலை அப்படியே பிரதி பண்ணுகிறார்கள். வேண்டாம். ஆட்டம் தொடங்க அரை மணித்தியாலம் முன் போய் இரண்டு அணிக்கும் பெயர்ப் பட்டியல் கேளுங்கள். பெயரை எப்படி உச்சரிப்பது என்று அந்தந்தப் பிள்ளையிடமே கேளுங்கள். சிங்களப் பெயரைத் தமிழ் வாயால் கடிக்காதீர்கள், தமிழ்ப் பெயரை ஆங்கில வாயாலும் கடிக்காதீர்கள். பந்து ஓடும்போது எங்கே, யார் கையில், அடுத்து யாருக்கு என்பது மட்டும். பந்து நின்றபிறகு ஏன் என்பது. பதினைந்து வயதுப் பிள்ளையின் தவறுக்கு மைக்கில் சிரிக்கக் கூடாது. அவன் அம்மா கேட்டுக்கொண்டிருப்பாள்.

ஸ்கோரும் மிச்ச நேரமும் அடிக்கடி சொல்லுங்கள். பேஸ்போல் வானொலி வர்ணனையாளர் ரெட் பார்பர் மேசையில் முட்டை அவிக்கிற மூன்று நிமிட மணற்கடிகாரம் வைத்திருந்தாராம். மணல் இறங்கினால் ஸ்கோர் சொல்லிவிட்டுக் கவிழ்த்து வைப்பார். உங்களுக்குப் போனில் டைமர் இருக்கிறது. அதை அதிர்வில் போட்டுக் காற்சட்டைப் பைக்குள் வையுங்கள், சத்தத்தில் போட்டால் மைக்கில் கேட்கும்.